சமையற்கட்டில் செருப்பு

ஆவடியில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சமையற்கட்டுக்குள் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்பதை எழிலரசி அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தாள். கவனித்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப் பழக்கம் உள்ள வீடாக இருந்தால் பரவாயில்லை. அக்காவின் மாமியார் சுசீலா, வாசலில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தால்கூடச் சண்டைக்கு வருகிறவள். சாமிப் படங்களும் அந்தச் சமையற்கட்டு அலமாரியில்தான் இருந்தன. அந்த அலமாரிக்கு நேர் கீழே, நீல வார் வைத்த ரப்பர் செருப்போடு நின்று அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மாமனார் கஜபதி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். கூடத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த மனிதர், சமையற்கட்டு நிலைப்படியில் நின்று, சுவரோரம் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் பிரிட்ஜைத் திறந்தார். குடித்து முடித்ததும் அதே இடத்தில் கழற்றிவிட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கால் தானாகப் போய் தானாக வந்தது.

அக்கா நிஷா மட்டும் வெறுங்கால். ஐந்து மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஈரத்தரையில் நடந்தாள்.

எழிலரசி சும்மா விருந்துக்கு வரவில்லை. வியாழக்கிழமை அக்கா போன் செய்திருந்தாள்.

"எழிலு, இந்த ஊட்டுக்கு என்னப் புடிக்கல போல."

"யாருக்குப் புடிக்கல?"

"ஊட்டுக்கே. குளிக்கப் போனா குழாய் ஷாக் அடிக்குது. பிரிட்ஜும் அடிக்குது. என்ன மட்டுந்தான். அவங்கல்லாம் நல்லாத்தான் தொடுறாங்க."

"எப்பவுமேவா?"

நிஷா குரலைத் தாழ்த்தினாள். "அத்தை மோட்டார் போட்டாதான் அடிக்குது. நான் குளிக்கப் போறதப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. அவருகிட்ட சொன்னேன். உனக்கு உடம்பு சூடு, மோர் குடின்னாரு."

அவர் என்றால் விக்ரம், நிஷாவின் புருஷன். சரக்கு வேன் ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமையும் வண்டிதான். நிஷா வேலை பார்த்த துணிக்கடைக்கு லோடு இறக்க வந்து, பார்த்து, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். அதற்கு முன்பே சுசீலா தன் அண்ணன் மகள் ஷோபனாவை அவனுக்குப் பேசி வைத்திருந்தாள். அது எழிலரசிக்கு மறக்கவில்லை. போனை வைத்ததும் அவள் மனசு போட்ட கணக்கில் ஷோபனாவும் இருந்தாள், மோட்டாரும் இருந்தது, அக்காவின் வயிறும் இருந்தது. மகளிர் காவல் நிலையம் எந்தப் பக்கம் என்றுகூடத் தேடி வைத்துக்கொண்டாள்.

பாடியில் லாரி செட்டில் மூட்டை தூக்குகிற சம்பந்தத்தின் மகள்கள் இவர்கள். நிஷா பன்னிரண்டாவதோடு துணிக்கடையில் நின்றதால்தான் எழிலரசி எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சாரப் பேனல் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அவள் கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு. டெஸ்டர் இல்லாத நாள் கிடையாது.

தட்டை வைத்துவிட்டு அவள் சமையற்கட்டுக்குள் வந்தாள்.

"இன்னா அத்தை, சமையக்கட்டுல செருப்பு?"

சுசீலாவின் கரண்டி நின்றது. "பித்த வெடிப்புமா. வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

எழிலரசி குனிந்து பார்த்தாள். மஞ்சள் பூசிய குதிகால், தேய்த்து வைத்த செம்பு மாதிரி வழவழவென்று இருந்தது.

"மாமாவுக்கும் பித்த வெடிப்பா?"

"அவருக்கு மூட்டு வலி."

"கூடத்துல வராம பிரிட்ஜாண்ட மட்டும் வர்ற மூட்டு வலியா?"

"இன்ஜினியர் பொண்ணு இல்ல, வாய்லயும் கரண்டு ஓடுது" என்று கஜபதி கூடத்திலிருந்து சிரித்தார்.

எழிலரசி சிரிக்கவில்லை. அவள் கண் இப்போது வீட்டை மேய ஆரம்பித்திருந்தது. கிரைண்டருக்கு முன்னால் ஒரு மரப்பலகை. அதன் மேல் ஏறி நின்றால்தான் கிரைண்டர் கைக்கு எட்டும் என்றில்லை. சுசீலா ஒன்றும் குள்ளமில்லை. கொல்லைப்புறச் சுவரில் மோட்டார் சுவிட்ச். அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு உடைந்த துடைப்பக்கட்டை. துடைப்பம் இல்லை, கட்டை மட்டும். எதற்கு இந்தக் கட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதில் கிடைத்துவிட்டது.

நிஷா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள். சுசீலா அவள் போவதைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள். கொல்லைக்குப் போய் அந்தக் கட்டையை எடுத்து, கையை நீட்டி, தள்ளி நின்று, சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமியது.

"அக்கா, நில்லு. குழாயத் தொடாத."

குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. குழாய்க்கு நீட்டிய கையோடு நிஷா அப்படியே நின்றாள். எழிலரசி ஓடிப்போய் அவளை வெளியே இழுத்து நிறுத்திவிட்டு, தன் வாசல் செருப்பைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். குழாயின் பித்தளை மூக்கில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. தண்ணீர் வருகிற குழாய், மின்சாரக் கம்பி மாதிரி.

குழாய் போகிற வழியே அவளும் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய இரும்புப் பைப். அதன் மேல் பச்சை ஒயரை நெருக்கமாக, அழகாக, பூச்சரம் கட்டுகிற மாதிரி சுற்றி இறுக்கியிருந்தார்கள். வீட்டின் எர்த் ஒயர் அத்தனையும் அங்கேதான் வந்து சேர்ந்தன: பிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார். இரும்புப் பைப் நேராக மண்ணுக்குள் இறங்கிய காலத்தில், கசிகிற மின்சாரமும் அதோடு இறங்கியிருக்கும். இப்போது அந்த ஒரு சாணுக்குக் கீழே வெள்ளை பிளாஸ்டிக் பைப். மோட்டாரில் கசிந்த மின்சாரத்துக்கு மண்ணுக்குள் போக வழியில்லை. வந்த ஒயர் வழியாகவே திரும்பிப் பிரிட்ஜிலும் கிரைண்டரிலும் குழாயிலும் நின்றுகொண்டு, யாராவது வெறுங்காலோடு வருவார்களா என்று காத்திருந்தது.

அவள் சமையற்கட்டுக்குத் திரும்பி வந்தபோது கஜபதியும் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே நின்றார். சுசீலா அடுப்பை அணைத்திருந்தாள். நிஷா நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"ஒயரிங் பண்ணது யாரு மாமா?"

"நான்தான் பாப்பா. ஃபேக்டரில முப்பது வருசம் பிட்டரு. இந்த ஊட்ல ஒரு எலெக்ட்ரீஷியன் காலு வெச்சதில்ல." இன்னமும் பெருமையாகத்தான் சொன்னார்.

"பைப்ப மாத்துனது?"

"அதுவும் நான்தான். துருப்புடிச்சு தண்ணி செங்கல் கலர்ல வந்துகினு இருந்துச்சு."

"எர்த் ஒயரு?"

"அது பாட்டுக்கு அங்கியேதான கீது. நான் எங்க அத்தத் தொட்டேன்?"

"ஷாக் அடிக்கிறது தெரியுமா?"

"லேசா ஜிவ்வுனு இழுக்கும். கரண்டுன்னா அப்டித்தான். பழகிப் போச்சு. அதுக்குன்னு ஊடே எரிஞ்ச மாதிரி பேசற."

"சரி மாமா. மோட்டார் ஓடிகினுதான் இருக்கு. செருப்பக் கழட்டிட்டு பிரிட்ஜத் தொடுங்க."

கஜபதி தன் காலைப் பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்தார். "பெரியவன நிக்க வெச்சு பரீட்சையா?" என்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"பரீட்சை இல்ல. லேசாதான இழுக்கும்னீங்க. தொடுங்க."

"இன்னாத்துக்குமா அவர நிக்க வெச்சு மானத்த வாங்கற?" சுசீலா குறுக்கே வந்தாள். "படிச்சிட்டா பெருசு சிறுசு கிடையாதா? நான் தொடறேன். இன்னா ஆயிடுதுன்னு பாக்கலாம்." சொல்லிக்கொண்டே இரண்டு செருப்பையும் உதறினாள். மீன் கழுவிய ஈரம் தரையில் காயவில்லை. கையை நீட்டிவிட்டாள்.

"சுசீலா, தொடாத!"

அடித்தொண்டையிலிருந்து வந்த கத்தல். கத்தினவர் பிரிட்ஜ் பக்கம் ஓடவில்லை, மனைவி பக்கமும் ஓடவில்லை. கொல்லைக்கு ஓடி, கட்டையை எடுத்து, மோட்டார் சுவிட்சை அடித்து அணைத்தார். ஷாக் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

மோட்டார் சத்தம் நின்றதும் வீடு காலியான மாதிரி ஆனது. சுசீலாவின் கை நீட்டினபடியே இருந்தது. கஜபதி கட்டையோடு வந்து நிலைப்படியில் நின்றார். நிஷா அவரைப் பார்த்துத்தான் கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள்.

"அத்தைக்கு மட்டுந்தான் தொடாதவா, மாமா?"

கஜபதி கட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். சுசீலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு ஆளுங்க வராங்கன்னு செருப்பெல்லாம் எடுத்து பரண் மேல போட்டேன்மா. எல்லாம் போனப்புறம் எங்களுது மட்டும் எறக்குனேன். புதுசா வந்த பொண்ணாண்ட, சமையக்கட்டுல செருப்பு போட்டுக்கோன்னு எப்டி சொல்றது? சாமி இருக்கிற எடம். உங்க ஊட்ல இன்னா நெனப்பாங்க? இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு… நானே ரெண்டு வாட்டி அடி வாங்கித்தான் கத்துகினேன். நீயும் கத்துப்பன்னு இருந்துட்டேன்."

"நான் குளிக்கப் போறப்போ மோட்டார் போடுவீங்களே?"

"தொட்டில தண்ணி இருக்காதுமா. நீ குளிக்கணும்ல."

எழிலரசி மூன்று நாளாக மனசுக்குள் ஒரு கொலைகாரியைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவளைக் கேட்பதற்கென்று கேள்விகளும் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்ததோ மீன் வாசனை அடிக்கிற ஒரு பொம்பளை. ஆத்திரம் குறையவில்லை, இன்னும் ஏறியது. செருப்பு போடச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று ஒரு உயிரையே, இரண்டு உயிரையே, வெறுங்காலோடு நடக்க விட்டிருக்கிறார்கள்.

"பையை எடு அக்கா" என்றாள்.

கஜபதி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, அணைத்தாயிற்று என்று சொன்னார். எழிலரசி போய்க் குழாயில் மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லியா பாப்பா?"

"இல்ல மாமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கே குழி தோண்டி எர்த் போட்டுடறேன்."

"நீங்க போடாதீங்க. லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆளு போடட்டும். கசிஞ்சா தானா அணையற சுவிட்ச் ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. அந்த மோட்டார கழட்டி அனுப்புங்க."

"போட்டதும் போன் பண்ணுங்க மாமா" என்றாள் நிஷா. "எழிலு வந்து பாக்கட்டும். அப்புறம் நான் வரேன். அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சுசீலா வறுத்த மீனை ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். எழிலரசி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நிஷா வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. அம்பத்தூர் வரைக்கும் இரண்டு பேரும் நிற்க வேண்டியிருந்தது. வண்டி திருப்பத்தில் சாய்ந்தபோது எழிலரசி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சுக்கோ அக்கா" என்றாள். நிஷா உடனே பிடிக்கவில்லை. விரலை மடக்கி, புறங்கையால் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் முழுக்கையால் பிடித்தாள்.