பாதியில் நின்ற எருமைக் கதை

சகஸ்ரநாமம் போடலாமென்று மௌனிகா மாமனாரின் போனைத் தட்டினாள்; ஸ்பீக்கரில் அது வரவில்லை. "எருமை அந்த வழியாகத்தான் போனது," என்று ஒரு பெண் குரல் சொன்னது.

ஆர்.எஸ்.புரம் வீட்டுக் கூடத்தில், ஃப்ரீசர் பெட்டியில் கிடந்த திருமலைசாமியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அதற்கும் கைகூப்பினார்கள். எருமை என்றால் எமதர்மன். எமதர்மன் என்றால் உபன்யாசம். இழவு வீட்டில் வேறென்ன போடப்போகிறார்கள்? பல்லடத்திலிருந்து வந்திருந்த நஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பதறிப்போய் அணைக்கப்போன மருமகளின் கையை, திருமலைசாமியின் மனைவி ரங்கநாயகி பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதே கண்ணு. இது பாதியில நிக்குது."

அது ஒலிப்புத்தகமாக வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பு. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தினமும் மத்தியானம் கேட்பார்கள். ஒருவரை விட்டு ஒருவர் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நேற்று கடைசிக் கதையில் ஒருவன் காணாமல் போன எருமையைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோதுதான் திருமலைசாமி நெஞ்சைப் பிடித்தார். அவரை எடுத்துவிட்டால் மிச்சக் கதையை ரங்கநாயகி எந்த ஜென்மத்தில் கேட்பது? நேற்றிலிருந்து அழாதவளுக்கு இதை நினைத்ததும் அழுகை முட்டியது.

மகன் சசிதர் வாசலிலிருந்து உள்ளே வந்தான். வண்டி வந்தாயிற்று, ராகுகாலத்துக்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்றான்.

"உங்கப்பாவும் நானும் கேட்டு முடிச்சுப்போடறோம். அப்புறம் எடுங்க."

அவன் தலைபாடாக அடித்துக்கொண்டு சித்தப்பா சென்னகிருஷ்ணனைத் துணைக்கு அழைத்தான். அவரோ காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி, சும்மா இரு என்று சைகை காட்டினார். சங்கு ஊத வந்தவரும் சங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எருமை எங்கே போனதென்று தெரியாமல் அங்கே யாரும் நகர்வதாக இல்லை.

கதை முடிந்தது. தேடிப்போனவன் வெறுங்கயிற்றோடு வீடு திரும்பினான். அவ்வளவுதான். 

கதைகளுக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று போன் கேட்டது. ரங்கநாயகி பெட்டியின் மேல் குனிந்தாள்.

"ஏனுங்க, எத்தனை போடட்டும்?"

அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது.

"மூணு போதுமுங்க அண்ணி," என்றார் சென்னகிருஷ்ணன், துண்டால் கண்ணைத் துடைத்தபடி. "எருமை கெடைக்கவே இல்லீங்களே."

ரங்கநாயகி ஐந்தையும் தொட்டாள். பிறகு எழுந்து, தூக்க வந்தவர்களுக்கு வழிவிட்டாள்.