அழுகிற என் முகம்

மாலை வகுப்பில் எங்களுடைய முதல் நினைவை எழுதச் சொன்னார்கள். எனக்கு மூன்று வயது. தளி ஊரில் எங்கள் வீட்டின் பின்புறம் அம்மா என் காலில் சேற்றைக் கழுவுகிறாள். "அழாதடா கண்ணு" என்கிறாள். அடுத்த வருடம் அவள் இறந்துவிட்டாள். அவளைப் பற்றி எனக்கு இருப்பது இந்த ஒரு நினைவுதான்.

எழுதியதும் சந்தேகம் வந்தது. பள்ளியில் விழுந்ததை நினைத்தால் எனக்குத் தரைதான் தெரிகிறது. இதில் மட்டும் அழுகிற என் முகமே எனக்கு எப்படித் தெரிகிறது?

ஓசூரில் என்னோடு இருக்கும் அக்கா கெம்பம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அம்மாவுக்கு ஏதுடா தமிழு? கன்னடந்தான பேசும். நமக்குத் தமிழு அப்பாகிட்டருந்து வந்தது," என்றாள்.

"அப்ப 'கண்ணு'ன்னு சொன்னது யாரு?"

"நாந்தான். எப்பப் பாரு அழுவ. வேற யாரு உன்னத் தூக்குனா?"

"அப்ப காலு கழுவுனது..."

"அது அம்மாதான்," என்றாள், நான் கேட்டு முடிப்பதற்குள்.

அவள் முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நோட்டில் 'அழாதடா கண்ணு' என்ற பேச்சை மட்டும் அடித்தேன். 'அம்மா' என்பதன் மேல் பேனாவை வைத்தபோது முறத்தின் சத்தம் நின்றது.

"அது அப்படியே இருக்கட்டும்டா," என்றாள்.

பேனாவை எடுத்துவிட்டேன்.