ரொட்டி மாமா

காத்தமுத்துவுக்கு மைக் என்றால் உயிர். அந்த றப்பர் தோட்டத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, மைக் செட் வந்து இறங்கும் சத்தம் கேட்டால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து சட்டை மாற்றிவிடுவார். ஒரு தடவை மேட்டு லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு வீட்டில் நன்றி சொன்னவர்கள் இவர் பெயரை விட்டுவிட்டார்கள். கருமாதி முடியும் வரைக்கும் மனுசன் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. அதற்காகக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோயில் கமிட்டித் தலைவர், யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய மருமகள் சுமித்ரா இதற்கு நேர் எதிர். விடிந்தால் றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவாள், வந்தால் அடுப்படி. புருஷன் முத்துவீரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, லீவு கிடைத்தால் வருவான். அவளுடைய கல்யாணப் போட்டோவில் பாதி முகம்தான் தெரியும். மீதியை மாலை மறைத்துவிட்டது, அவளும் அதை விலக்கவில்லை. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே காத்தமுத்துதான். "பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒரு ரொட்டி குடுத்தாங்க. தின்னு முடிக்கலயே, சம்மதம்னு சொல்லிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிவார்.

ரொட்டி என்றால் லயத்தில் எல்லா வீட்டிலும் சுடுவதுதான். ஆனால் சுமித்ராவுக்குப் பலகையும் வேண்டாம், உருட்டுக்கட்டையும் வேண்டாம். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த மாவை உருண்டை பிடித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மாற்றி மாற்றித் தட்டுவாள். கைதட்டுகிற சத்தம் கேட்கும், பார்த்தால் ரொட்டி நிலா மாதிரி விரிந்திருக்கும். அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

புத்தர் பிறந்த பௌர்ணமி, வெசாக் வந்தது. எஹலியகொட ரோட்டோரம் சிங்களச் சனம் ஊருக்கு ஒரு தன்சல் போட்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும். "நாமளும் ஒரு தன்சல் போடுவோம். ரொட்டியும் சம்பலும்!" என்று கமிட்டியில் எழுந்து சொன்னவர் காத்தமுத்து. எல்லாரும் தலையாட்டினார்கள். யார் சுடுவது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க என்ன இருக்கிறது?

அப்படித்தான் சுமித்ரா தார்ப்பாய்க்குப் பின்னால் நெருப்போடும் இரண்டு பெண்களோடும் நின்றாள். முன்னால் காத்தமுத்து வெள்ளை வேட்டியில் நின்றார். மைக் மதுசனிடம். அவன் த்ரீவீல் ஓட்டுபவன், தோட்டத்து அறிவிப்பாளனும் அவன்தான். சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று தொண்டை கிழியக் கத்தினான். "என்ன, என்ன! ரொட்டி தன்சல், என்ன!"

கதிர்காமத்துக்குப் போகிற யாழ்ப்பாணத்து வேன் ஒன்று நின்றது. ஒரு பெரியவர் தலையை நீட்டி, "தம்பி, அப்போதேலயிருந்து என்ன என்ன எண்டு கேக்கிறீர். என்னெண்டு முதல்ல நீர் சொல்லுமன்" என்றார்.

"ஐயோ ஐயா, சிங்களத்துல 'என்ன'ன்னா வாங்கன்னு அர்த்தம். எறங்குங்க, ரொட்டி சாப்பிடுங்க."

வேனே சிரித்துக்கொண்டு இறங்கியது. இந்தப் பக்கத்து நாக்குகளுக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் கிடக்கும். சில நேரம் ஒன்றின் செருப்பை மற்றது மாட்டிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு அதனால்தான் எல்லாம் நடந்தது.

மத்தியானம் லஹிரு என்ற சிங்களப் பையன் கேமராவோடு வந்தான். ஊர் ஊராகச் சாப்பாட்டு வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவன். ஒரு ரொட்டியைப் பிய்த்துக் காரமான கட்ட சம்பலில் தோய்த்து வாயில் போட்டவன், பேச வந்ததை விட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினான். வரிசையில் நின்ற ஒரு சிங்கள அம்மா, இப்படி ஒரு ரொட்டியைப் பிறந்ததிலிருந்து தின்றதில்லை என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது தார்ப்பாய்க்குப் பின்னால் வரைக்கும் கேட்டது. சுமித்ராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சத்தியமாக அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரைக்கும் அனுபவித்ததில்லை.

லஹிரு மைக்கை வாங்கிக் கேட்டான். "கவுத மேக ஹெதுவே?"

இதைச் செய்தது யார்?

என்ன துணிச்சல் வந்ததோ, சுமித்ரா பின்னாலிருந்து பதில் சொன்னாள். சிங்களத்தில் கேட்ட கேள்விக்குச் சிங்களத்திலேயே சொன்னாள். "மம!"

மம என்றால் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் கேட்க அவள் 'நான்' என்று சொன்னாள். பாழாய்ப்போன ஜெனரேட்டர் அந்த நேரம் பார்த்து உறுமியது. மதுசன் காதைத் தீட்டிக் கேட்டான், மைக்கைத் திரும்ப வாங்கி, கேட்டதை அப்படியே முழங்கினான்.

"மாமாவாம்! ரொட்டி செஞ்சது மாமாவாம்!"

சிங்களத்திலும் மாமா மாமாதான். லஹிருவின் கேமரா காத்தமுத்து பக்கம் திரும்பியது. காத்தமுத்து தார்ப்பாயை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஓவ், ஓவ்" என்றார். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். ஆமாம் ஒன்று போதாதென்று இரண்டு!

வீடியோ ஓடியது ஓட்டம். எஹலியகொட டவுனில் கால் வைத்தால், "ரொட்டி மாமே!" என்று பஸ் கண்டக்டர் கூப்பிடுகிறான், மீன்காரன் கூப்பிடுகிறான். காத்தமுத்து கையசைத்துக்கொண்டே நடக்கிறார். சும்மா போய் வருகிற சந்தைக்குச் சென்ட் அடித்துக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து முத்துவீரன் போன் எடுத்து, "அப்பாவுக்கு ரொட்டி சுடத் தெரியுமா?" என்று கேட்டான். சுமித்ரா, "எனக்கும் இப்பதாங்க தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்குக் கோபம். புகழ் வேண்டுமென்று அவள் ஏங்கவில்லை. சொல்லாமலே இருந்திருந்தால் வலித்திருக்காது. வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு 'நான்' அடுத்தவர் தலையில் போய் மாலையாக விழுந்துவிட்டதே, அதுதான் தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் சட்டி பானைகள்தான் பேசின.

மாமியார் இருளாயி பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னாடி, சட்டிய ஒடச்சுத்தான் கறி ஆக்குவியா?" என்றாள்.

"நான் மாமான்னு சொல்லல அத்த. மமன்னு சொன்னேன்."

இருளாயிக்கு விஷயம் பிடிபடக் கொஞ்சம் நேரமானது. பிடிபட்டதும் சிரித்தாள் பாருங்கள், புரையேறி, கண்ணில் தண்ணி வந்து, மருமகள் முதுகைத் தட்டிவிட வேண்டியதாகிவிட்டது. "அந்த மனுசன் அடுப்புப் பக்கம் போறதே பீடி பத்த வைக்கத்தானடி! அவரா ரொட்டி மாமா?" என்றாள். சுமித்ராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்த பிறகும் கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த மாதப் பௌர்ணமி, பொசன் நெருங்கியது. டவுன் கடைக்காரர்கள் பெரிய தன்சல் ஒன்று போடுகிறார்களாம், மேடை போட்டு, ரொட்டி மாமா முதல் ரொட்டியைத் தட்டித் தொடங்கிவைக்க வேண்டுமாம், லஹிருவும் வருகிறானாம். காத்தமுத்து யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாயந்தரம்தான் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு லயத்துக்குப் பின்னால் கோடிப்புறத்தில் புகை வர ஆரம்பித்தது. சுமித்ரா எட்டிப் பார்த்தாள். மாமா குந்திக்கொண்டு ரொட்டி தட்டிப் பழகுகிறார். ஒன்றாவது வட்டமாக வந்தால்தானே? ஒன்று இலங்கை மாதிரி வந்திருந்தது. யாழ்ப்பாணம் தனியாக நீண்டு கல்லில் கருகியது. லயத்து நாய் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, நாகரிகமாக விலகிப் போனது.

"மாவு சரியில்ல புள்ள" என்றார் காத்தமுத்து, அவளைக் கண்டதும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுமித்ரா கல்லில் கருகியதைச் சுரண்டி எடுத்துப் போட்டாள். அவர் முகம் தொங்கிப் போயிற்று. "பேனர்லாம் கட்டியிருக்காங்களாம். அதுக்குப் பின்னால நின்னு நீ தட்டிக் குடு. நான் முன்னால கல்லுல போட்டு எடுத்துர்றேன். மானம் போயிரும், புள்ள."

முடியாது என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கெட்டுப் போனால் கெடுவது யாருடைய ரொட்டி? ஊர் தின்று மெச்சிய தன் ரொட்டி. அதை நாய் கூடத் தொடாத கோலத்தில் மேடையில் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. "வாறேன்" என்றாள். இனிக்கச் சொல்லவில்லை, சொன்னாள்.

பேனர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். அதில் காத்தமுத்து சிரித்துக்கொண்டு நின்றார். பின்னால் சுமித்ரா மாவும் கையுமாக நின்றாள். பேனரின் ஓரத்தால் ரொட்டி நீளும், முன்னால் நின்ற நிஜக் காத்தமுத்து வாங்கிக் கல்லில் போடுவார். சனம் கைதட்டியது. மதுசன் மைக்கில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். எல்லாம் நன்றாகத்தான் போனது, லஹிரு கிட்டே வரும் வரைக்கும்.

"மாமே, தட்டுறதக் காட்டுங்க" என்று சிங்களத்தில் கேட்டான். கேமரா காத்தமுத்துவின் கையை நெருங்கியது.

வேறு வழியில்லை. உருண்டையை எடுத்துத் தட்டினார். இரண்டாவது தட்டிலேயே மாவு கிழிந்து, பாதி மணிக்கட்டில் தொங்கியது, பாதி வெள்ளை வேட்டியில் விழுந்தது. சனம் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை. முன்வரிசையில் இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேனரின் கிழிசல் வழியாகச் சுமித்ரா அதைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டது இதுதான். மாமா நன்றாக மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும், உலகம் பார்க்க வேண்டும். இப்போது அதைப் பார்த்தால் வயிறு எரிந்ததே தவிர குளிரவில்லை. அவள் கை தானாகத் தட்டியது. தட்டி முடித்த ரொட்டியைப் பேனர் ஓரத்தால் நீட்டினாள்.

காத்தமுத்து அந்தக் கையைப் பார்த்தார். றப்பர் பால் கறையும் மாவும் அப்பிய கை. முகம் தெரியாத கை. ரொட்டியை வாங்கினார், ஆனால் கல்லில் போடவில்லை. மதுசனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். தோட்டத்தில் மைக்கை அவர் எத்தனையோ தடவை பிடுங்கியிருக்கிறார். அடுத்தவருக்காகப் பிடுங்கியது அன்றைக்குத்தான்.

"மம நெமெயி" என்றார்.

நான் இல்லை என்று சிங்களச் சனம் கேட்டது. மாமா இல்லை என்று தமிழ்ச் சனம் கேட்டது. எந்தக் காதால் கேட்டாலும் அது உண்மையாக இருந்தது.

"மகே லேலி!" என்றார் அடுத்ததாக. என் மருமகள்! சொல்லிக்கொண்டே பேனரை இழுத்தார். ஆள் உயரக் காத்தமுத்து மடிந்து தரையில் விழ, பின்னால் மூக்கெல்லாம் மாவோடு சுமித்ரா நின்றாள். ஓடுவதற்கு இடம் தேடினாள். பின்னால் சுவர்.

லஹிருவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் மைக்கை வாங்கி அவளிடம் நீட்டினான். "கவுத மேக ஹெதுவே?"

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"மம" என்றாள் சுமித்ரா.

இந்தத் தடவை ஜெனரேட்டரும் வாயை மூடிக்கொண்டிருந்தது. சனம் தட்டிய கைதட்டலில் அடுப்புப் புகையே அலைந்தது. வெட்கத்தில் அவள் செத்துப்போகவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்போடு கேமராவைப் பார்த்து நின்றாள், ஒரு மாலையும் மறைக்காமல். அன்றைக்கு அவள் தட்டியதெல்லாம் மேடையில் முன்னால் நின்றுதான். மாவு பிசைந்தவர் காத்தமுத்து.

பிசைந்தார்தான். ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா? லஹிரு முடித்துக்கொண்டு கிளம்புகிற நேரம் மாவுக் கையோடு எழுந்து வந்து, மைக்கில் வாயை வைத்தார்.

"லேலிவ தோராகத்தே மம!"

மதுசன் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் தமிழில் முழங்கினான். "மருமகளத் தேடிப் புடிச்சது மாமாவாம்!"

இந்தத் தடவை அவன் காதில் ஒரு பிழையும் இல்லை.