சங்கிலி பிடித்தவர்

"வாய்க்கரிசியைப் போடு தம்பி, நேரம் போகுது" என்று தம்பித்துரை சித்தப்பா முதுகில் தட்டினார். பிருந்தன் தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினான். பெட்டிக்குள் பட்டு வேட்டியும் சால்வையுமாக அப்பா கிடந்தார். அரிசி மூடிய உதட்டில் பட்டு, கழுத்துப் பக்கமாக உருண்டது. அதை யாராவது எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

எரியூட்டும் மண்டபத்தை முக்கால் மணி நேரத்துக்குத்தான் தந்திருந்தார்கள். தேவாரம், அஞ்சலி உரை, ஒப்பாரி எல்லாவற்றையும் அதற்குள் முடித்தாக வேண்டும். கதவடியில் அடுத்த பிணத்தின் சொந்தக்காரர்கள் கறுப்பு உடுப்போடு காத்து நின்றார்கள். செத்தாலும் தெர்மின் என்று முன்கூட்டியே நேரம் குறித்துத்தான் போக வேண்டிய நாடு, என்ன செய்வது!

அம்மா பிறேமாவுக்குக் குரலே போய்விட்டது. பிருந்தனுக்கோ பத்து நாளாக ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. பின்வரிசையில் யாரோ, "ஒரே பொடியன். கல்லு மாதிரி நிக்கிறான் பாருங்கோ" என்றது அவன் காதில் விழுந்தது. விழுந்தாலும் உறைக்கவில்லை.

அவனிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வசனம். அதை அவன்தான் அப்பாவுக்குச் சொன்னான்.

பீலெஃபெல்ட் பல்கலைக்கழக மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் அவன் ஆடினான். அந்தப் பருவத்தில் ஆடிய ஏழு போட்டியிலும் தோல்வி. சொந்த மைதானத்திலோ ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முதல் போட்டியன்று சங்கிலி பிடிக்க ஆள் குறைந்தது. நாலு தரத்துக்குள் பத்து யார்டு தூரம் முன்னேறிவிட்டார்களா என்று அளக்கிற சங்கிலி அது. இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்பு. பிடிக்க ஆளில்லாவிட்டால் நடுவர் போட்டியைத் தொடங்கவே மாட்டார். மகனைப் பார்க்க வந்து சும்மா நின்ற இராசலிங்கத்துக்குச் செம்மஞ்சள் மேலங்கியைக் கொடுத்தார்கள். மனுசன் பிறகு அதைக் கழற்றவே இல்லை. கேக் தொழிற்சாலையில் வெள்ளி இரவு வேலை முடித்து, கண் சிவக்க நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார்.

வந்தாரே தவிர ஒரு நாள் கை தட்டினதில்லை. சங்கிலி பிடிக்கிறவர்கள் நடுவரின் ஆட்கள், எந்தப் பக்கத்துக்கும் ஆரவாரம் செய்யக்கூடாது என்று விதி இருக்கத்தான் செய்தது. அதை யார் மதித்தார்கள்? மற்றக் கம்பைப் பிடிக்கிற பென்ஜமின் தொண்டை கிழியக் கத்துவான்.

பூச்சியத்துக்கு நாற்பத்தெட்டு என்று தோற்ற அந்தச் சனிக்கிழமை, காருக்குள் பிருந்தன் வெடித்துவிட்டான்.

"நாங்கள் தோத்தாலும் வெண்டாலும் உங்களுக்கு ஒண்டுதானே? சவம் மாதிரி நிக்கிறீங்கள் அப்பா."

"சங்கிலி பிடிக்கிறவன் ஒரு பக்கம் சாயக்கூடாதடா" என்றார் அப்பா. வளைவில் சிக்னல் போட்டுக் காரைத் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில் விழுந்தவர் எழும்பவில்லை. ஐம்பத்தெட்டு வயது.

"பட்டனை அமத்து" என்றார் சித்தப்பா. பிருந்தன் அமத்தினான். பெட்டி எரியுலைக்குள் போனது. கதவு மூடிக்கொண்டது.

வெளியே பென்ஜமின் கடன் வாங்கிய கறுப்புக் கோட்டோடு நின்றான். கையைப் பிடித்துத் தன் மொழியில் அனுதாபம் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். நாளைக்குக் கடைசிப் போட்டி, அந்த மேலங்கி வீட்டில் இருக்கிறதா? சங்கிலிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் கிடைக்கவில்லையாம்.

"நான் பிடிக்கிறன்" என்றான் பிருந்தன். எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். "என்ன கதை கதைக்கிறாய்? செத்த முப்பத்தொண்டாம் நாள்கூட முடியேல்லை, துடக்கோடை விளையாட்டோ? சனம் காறித் துப்பும்!"

அம்மா கம்மிய குரலில் குறுக்கே வந்தாள். "விளையாட இல்லையே, தம்பித்துரை. அவர் ஒத்துக்கொண்ட வேலை. அரைவாசியிலை விட்டிட்டுப் போட்டார். இவன் போய் முடிச்சுக் குடுக்கட்டும்."

சித்தப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் மைதானத்தில் தூறல். மேலங்கி அப்பாவின் கார் டிக்கியில் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. மீசை வழித்த முகத்தோடு அதைப் போட்டுக்கொண்டு பிருந்தன் கம்பை வாங்கினான். பிடிக்கிற இடத்தில் கறுப்பு டேப் தடிப்பாகச் சுற்றியிருந்தது. அதில் வரிசையாகப் பிறை வடிவில் கீறல்கள். சில இடங்களில் டேப்பே கிழிந்து உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது.

"இது என்ன?" என்றான்.

நகம், என்றான் பென்ஜமின். அப்பா ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பழையதை உரித்துவிட்டுப் புது டேப் சுற்றி வைப்பாராம். இவ்வளவும் போன ஒரே போட்டியில் வந்தது என்றான்.

நடுவர் ஊதினார்.

அன்றும் வழக்கம்போலத்தான். எதிரணி தள்ளிக்கொண்டே வந்தது. பிருந்தன் கம்பைத் தூக்கித் தூக்கிப் பின்னால் நடந்தான். முப்பது, முப்பத்தேழு என்று பலகையில் ஏறிக்கொண்டு போனது. கடைசிக் கால்பகுதியில் அவனுடைய இடத்தில் ஆடிய முதலாமாண்டுக்காரன் ஒருத்தன், எப்படியோ பந்தோடு இரண்டு பேரைச் சுழித்து விலத்திக்கொண்டு வெளியே வந்தான். கோட்டோரமாக, பிருந்தனுக்கு முன்னாலேயே, விழுந்தடித்து ஓடினான். பின்னால் ஒருத்தரும் இல்லை.

ஆறு புள்ளி. சொந்த மைதானத்தில் முதல் ஆறு புள்ளி. முழு அணியும் சேற்றில் விழுந்து புரண்டது. பென்ஜமின் தன் கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

பிருந்தன் நின்ற இடத்திலேயே நின்றான். முகத்தில் ஒரு அசைவில்லை. நடுவர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். புள்ளி எடுத்த பிறகு அளக்க ஒன்றும் இல்லை, சங்கிலியைக் கீழே வைக்கலாம்.

"வை, பிருந்தன்" என்றான் பென்ஜமின்.

அவன் குனிந்து பார்த்தான். பத்து விரல் நகங்களும் டேப்புக்குள் இறங்கியிருந்தன.

மழை கொஞ்சம் பெலத்தது. பென்ஜமின் இன்னொரு தரமும் சொன்னான். பிருந்தன் கம்பைக் கீழே வைக்கவில்லை.