குறை தீர்ந்த ரூபாய்

வாங்கப்போகிற பொருளைத்தான் வியாபாரி திட்டுவான். கடைத்தெருவில் வளர்ந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். மாம்பழக் கூடை முன்னால் நின்றுகொண்டு, காம்பு கறுத்திருக்கிறது, தோல் பொசுங்கியிருக்கிறது என்று ஒருவன் முகத்தைச் சுளித்தால், கூடைக்காரி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். வந்தவன் வாங்காமல் போகமாட்டான். அதையே ஒருவன் தேன் மாதிரி பழம், தங்கம் மாதிரி நிறம் என்று வாயாரப் புகழ்ந்தானானால் அவள் கூடையை மூடிவிடலாம். அவன் செருப்பு ஏற்கெனவே அடுத்த கடைப் பக்கம் திரும்பியிருக்கும். புகழ்ச்சி என்பது காசு கொடுக்காமல் நகர்கிறவன் வைத்துவிட்டுப் போகிற மரியாதை.

மூர்த்திக்கு இது தெரியாது. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்து, ஓசூர் சிப்காட்டில், இரும்பை மெருகேற்றுகிற பஃப்பிங் மெஷின் முன்னால் ஆளானவன் அவன். அவனுடைய உலகத்தில் ஒரு பொருளில் குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால், குறை இருக்கிறது என்றுதான் அர்த்தம். சைலன்சர் உறையில் ஒரு கீறல் இருந்தால் சூப்பர்வைசர் சிவப்புச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். மூர்த்தி அதை மறுபடி சக்கரத்தில் கொடுத்து, முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றி அனுப்புவான். பாஸாகிவிடும். பதினாறு வருஷமாக அவன் கையை விட்டுப் போன எதுவும் இரண்டாம் தடவை திரும்பி வந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற சமயம் அமெரிக்காவில் ஏதோ பாங்கி கவிழ்ந்தது. அங்கே பாங்கி கவிழ்ந்தால் இங்கே சைலன்சர் தேய்க்கிறவனுக்கு ஏன் வேலை போகவேண்டும் என்று முதலாளி கிருஷ்ணப்பன் கன்னடமும் தமிழுமாகக் கலந்து விளக்கப் பார்த்தார். பாதியிலேயே அவருக்கும் புரியாமல் போய், "ஹோக்லி பிடு, போவட்டும் விடு மூர்த்தி, ஆர்டர் இல்ல, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். தை பிறந்ததும் ஷெட்டைக் காலி செய்ய ஏற்பாடு நடந்தது. உள்ளே இருந்த சாமான் அத்தனையும் பழைய இரும்பு விலைக்கு ஒரே எடையாகப் பேசியாகிவிட்டது. ஆனாலும் மனுஷர் நல்லவர். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினெட்டாயிரம் கொண்டுவந்தால் அந்தப் பஃப்பிங் மெஷினை மட்டும் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். மெஷினைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று ஷெட் சாவியையும் கொடுத்தார்.

மெஷின் இருந்தால் வாடகை வீட்டு முன்பக்கமே போட்டு ஓட்டலாம். குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் மெருகேற்றத் தருவதாக இரண்டு கடைக்காரர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். மெஷின் இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊத்தங்கரை பஸ் ஏறி, அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். பாகம் பிரித்த அன்று, இனி இந்தப் படியை மிதிக்காதே என்று சொன்ன அண்ணன். நகை எதுவும் வீட்டில் பாக்கியில்லை, எல்லாம் ஏற்கெனவே அடகுக்கடையில் படுத்திருந்தன.

மூர்த்தியின் மனைவி சத்யப்ரியாதான் பூஜை மாடத்திலிருந்து அந்த வெள்ளி ரூபாயை எடுத்து வந்தாள். சாமல்பட்டியில் கல்யாணத்தின்போது அவள் அம்மா பாப்பம்மா மகள் கையில் வைத்து மூடிய ரூபாய். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துக் கும்பிடுவது. அம்மா காலத்திலிருந்து ஒருதரம்கூட அதைக் கழுவியதில்லை. பாப்பம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. "அம்மா குடுத்ததுதான். இப்போ நமக்கு ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாகலூர் ரோட்டில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிற லால் பாஷாவிடம் அதைக் கொண்டுபோனான் மூர்த்தி. கிருஷ்ணப்பனின் சாமான்களை எடைக்குப் பேசியிருந்தவரும் அவர்தான். இரும்பு அவருக்குப் பிழைப்பு, வெள்ளி ரூபாய் அவருக்குப் பைத்தியம். பாங்கியை நம்பமாட்டார், நோட்டை நம்பமாட்டார். பழைய பாத்திரத்தோடு, உடைந்த பெட்டியோடு வந்து சேர்ந்த ராணி தலை, ராஜா தலை ரூபாய்களை ஒவ்வொன்றாகப் பட்டர் பேப்பரில் சுற்றி ஐந்தடுக்கு டிபன் கேரியரில் வைத்திருந்தார். கல்லாவில் பணம் இல்லாத நாளில்கூட அந்த கேரியரைத் தொட்டதில்லை. ஐந்தடுக்கு சாப்பாடு வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற மனுஷன் என்று அவர் வீட்டு அம்மாள் காத்தூன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

லால் பாஷா பூதக்கண்ணாடியில் வருஷத்தைப் பார்த்தார். முப்பத்தொன்பது. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். பிறகு முகத்தை வேப்பெண்ணெய் குடித்த மாதிரி வைத்துக்கொண்டார்.

"என்னா மூர்த்தி, அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கெடக்குது? காதுகிட்ட கீறல் வேற. எழுத்துலயெல்லாம் குங்குமம் அடைச்சு, ராஜாவுக்கு யாரோ மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரியில்ல இருக்குது. பன்னெண்டு தரேன்."

பன்னிரண்டு நூறாக இருக்கும் என்று நினைத்தான் மூர்த்தி. ஆயிரம் என்று தெரிந்ததும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இதில் வெள்ளி எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். இருநூறு ரூபாய்க்கு இருக்கும் என்றார் பாய்.

"அப்போ மீதி எதுக்கு பாய்?"

"இந்த வருஷத்து ரூவாயெல்லாம் உருக்குற ஒலைல போயிருச்சுப்பா. இது ஒண்ணு தப்பிச்சு உக்காந்துக்கிட்டிருக்குது பாரு, அதுக்கு."

பதினெட்டு வேண்டும் என்று மூர்த்தி சொன்னான். இந்த மூஞ்சிக்கா பதினெட்டு என்று கேட்டு லால் பாஷா ரூபாயை மேஜைமேல் அவன் பக்கமாகத் தள்ளினார். வியாபாரத்தில் பொருளை அப்படித் தள்ளுவதும் விற்கிறவன் மடியைப் பிடித்துக்கொள்வதும் ஒன்றுதான். போய்விட்டு வரட்டும், ஏறி இறங்கிப் பேசலாம் என்று அவர் நினைத்திருந்தார். மூர்த்தியோ ரூபாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

வழியெல்லாம் கணக்குதான். குறைவது ஆறாயிரம். குறை மூன்று. கறுப்பு, கீறல், குங்குமம். குறைக்கு இரண்டாயிரம். இதைவிடத் தெளிவாக எந்த சூப்பர்வைசரும் அவனுக்கு வட்டம் போட்டுக் காட்டியதில்லை.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தான். மற்ற மெஷின்களையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தார்கள். அவனுடையது மட்டும் நின்றிருந்தது. சுவிட்சைப் போட்டதும் அது பழைய நாள் மாதிரியே முனகி, பிறகு ஒரே சுதியில் பாட ஆரம்பித்தது. ரூபாயைக் கையால் பிடித்தால் சூட்டில் விரல் வெந்துவிடும் என்று ஒரு மரத்துண்டில் அரக்கை உருக்கி ஒட்டினான். முதலில் நார்ச் சக்கரம். எழுத்துக்குள் இருந்த குங்குமம் கிளம்பி ஒரு நொடி சக்கரம் சிவந்தது. பிறகு அதுவும் கறுப்போடு கறுப்பாகப் போயிற்று. காதோரக் கீறல் ஆழமாக இருந்தது. அதை எடுக்கவேண்டுமானால் சுற்றிலும் தேய்த்து இறக்கவேண்டும். இறக்கினான். கீறலோடு காதும் பாதி போயிற்று. ராஜா இனி யார் சொல்வதைக் கேட்கப்போகிறார். அடுத்து பஞ்சுத் துணிச் சக்கரம், மெருகு மெழுகு, திரும்பவும் துணி. வாழ்நாளில் அவன் அவ்வளவு பதமாக எதையும் தேய்த்ததில்லை. முடிந்ததும் தூக்கிப் பார்த்தான். தகரக் கூரையின் ஓட்டை, ஓட்டைக்கு மேலே இருந்த வானம், கீழே அவன் மூக்கு, எல்லாம் ரூபாய்க்குள் தெரிந்தன. வேலை போன பிறகு அன்றைக்குத்தான் அவன் தன்னையறியாமல் சிரித்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. கடைசியாக ஒருதரம் கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சத்யப்ரியா கேட்டாள். கையில் வாங்கியவள், இது எது என்று கேட்பவள் போல அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மஞ்சள் தடவினாள். வழிந்துவிட்டது. குங்குமம் வைத்தாள். விரலை எடுத்ததும் சறுக்கி மாடத்தில் கொட்டியது. மறுபடி வைத்தாள்.

"நிக்க மாட்டேங்குதுங்க."

கண்ணாடிமேல் குங்குமம் நிற்குமா, அவ்வளவு பினிஷிங் என்றான் மூர்த்தி பெருமையாக. அவள் கொட்டிய குங்குமத்தை விரலால் ஒற்றி எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து லால் பாஷா கடைக்கு வந்தபோது மூர்த்தி காத்திருந்தான். பாய் அவனைக் கண்டதும் கல்லாவைத் திறந்து ஒரு நோட்டுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். அவருடைய பேரம் முடிவுக்கு வந்திருந்தது. மூர்த்தி காகிதத்தைப் பிரித்து ரூபாயை மேஜைமேல் வைத்தான். வாசல் வெயில் அதில் பட்டுத் திரும்பி பாயின் தாடியில் விழுந்தது.

லால் பாஷா வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. ரூபாயைத் தொடவும் இல்லை.

"ரொம்ப நல்லா இருக்குது மூர்த்தி" என்றார். "என்னா கைவேலைப்பா இது. ஒரு புள்ளி இல்ல, ஒரு கோடு இல்ல. கண்ணாடி தோத்துப்போவும்."

மூர்த்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு சூப்பர்வைசரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பாஸா பாய்?"

லால் பாஷா பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார். டீ வந்தது. ஆறியது. பிறகு அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். கறுப்புதான் அதன் வயசு. அந்த வயசுக்குத்தான் ஆள் காசு கொடுக்கிறான். ராஜா மூஞ்சியில் இருந்த முடி, காது, விளிம்பில் இருந்த பல் எல்லாம் அச்சு அடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். பெங்களூரில் இவரைப்போலவே பழைய ரூபாய் சேர்க்கிற சேட்டுகூட இதைக் கையால் தொடமாட்டான்.

"நீங்கதானே பாய் குறை சொன்னீங்க?"

"வாங்குறவன் வேற என்னாப்பா சொல்லுவான்?" லால் பாஷாவின் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே தணிந்தது. "நீ இன்னும் ரெண்டு நாள் மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சிருந்தா நானே வீட்டுக்கு வந்து பதினெட்டும் குடுத்திருப்பேன். எடுத்து வெச்சிருந்தேன்."

கல்லாவைத் திறந்து காட்டினார். இருந்தது. மூடினார்.

மூர்த்தி ரூபாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி கறுக்கவைக்க முடியாதா என்று கேட்டான்.

"முடியும்" என்றார் பாய். "எழுவது வருஷம் ஆவும்."

அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஏதோ செய்தாக வேண்டுமே என்பதற்காகச் சின்னத் தராசை எடுத்து ரூபாயை எடை போட்டார். இருக்கவேண்டியதில் ஒரு கிராம் காணோம். எங்கே போயிற்று என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. ஷெட்டில் சக்கரத்துக்கு அடியில் தூசியாகக் கிடந்தது அது. பாப்பம்மாவின் குங்குமமும் அங்கேதான் கிடந்தது. இருநூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்க லால் பாஷா வாயெடுத்தார், கேட்கவில்லை. காகிதத்தில் மடித்து அவன் பையிலேயே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் வாசலில் டெம்போ வந்து நின்றது. ஏற்றுக்கூலிக்கு ஆள் போதவில்லை என்று கிருஷ்ணப்பன் சொல்லியனுப்பியிருந்தார். மூர்த்தி போனான். மெஷினின் போல்ட்டை அவனேதான் கழற்றினான். எது எந்தப் பக்கம் திருகும் என்று அவனுக்குத்தானே தெரியும்.

லால் பாஷா மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பாட்டு பாடினார். பேரிங் செத்துப்போச்சு, மோட்டாரில் கருகல் வாசம் வருகிறது, காலெல்லாம் துரு, இதை எடைக்கு எடுத்தாலே எனக்கு நஷ்டம் என்று. பேசிய விலையில் கடைசி நேரத்தில் கொஞ்சம் நசுக்கிப் பார்க்கிற வழக்கம். கிருஷ்ணப்பன் பதறிப்போய், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நீயே சொல்லு மூர்த்தி என்றார். மூர்த்தி கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். திட்டு ஒவ்வொன்றும் இப்போது அவன் காதில் ஆயிரம் ஆயிரமாக விழுந்தது. தன் மெஷின் எவ்வளவு விலையுள்ளது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. அப்படியும், பாய் துரு என்று கைநீட்டிய இடத்தில் அவன் கை தானாகவே கந்தல் துணியை எடுத்துத் துடைக்கப் போய், பாதியில் நின்றது.

நாலு பேராகத் தூக்கி டெம்போவில் வைத்தார்கள். கயிறு கட்டி முடிந்ததும் மூர்த்தி லால் பாஷா பக்கத்தில் வந்து நின்றான். ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னான்.

"உங்க கடையில எனக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க பாய். ஒடைக்கிறது, பிரிக்கிறது, எதுவானாலும் பண்றேன். வீட்ல பாத்திரத்த மூட்டை கட்டிக்கிட்டிருக்கறா."

லால் பாஷா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு கிருஷ்ணப்பனுக்கும் கேட்கிற மாதிரி, மனசாரச் சொன்னார்.

"மூர்த்தி மாதிரி ஒரு கை ஓசூர்லயே கெடையாதுங்க. சுத்தமான ஆளு. பொய் தெரியாது. பதினாறு வருஷத்துல ஒரு பீஸு திரும்பி வந்ததில்லியாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளு எங்க கெடைப்பான்?"

கிருஷ்ணப்பன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மூர்த்தி அசையாமல் நின்றான். வயசாகிவிட்டது என்று சொல்லலாம். கை நடுங்குகிறது என்று சொல்லலாம். இரும்புக்கடை வேலை உனக்கு என்ன தெரியும் என்று ஏளனமாகக் கேட்கலாம். எதையாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கொறையாச்சும் சொல்லுங்க பாய்" என்றான்.

லால் பாஷா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உங்கிட்ட என்னாப்பா கொறை" என்று சொல்லிவிட்டு, டெம்போவின் முன்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.