பூலோகம் கொளுத்தாத குப்பை

மழை தொடங்கியதும் பலகைச் சுவரின் இடுக்குகள் வழியாகப் புழுக்கள் வர ஆரம்பித்தன. அடுத்த சந்தில் தோல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியிலிருந்து வருபவை. தோலைத் தின்று வளர்ந்தபின் வண்டாக மாறுவதற்கு அவற்றுக்கு மரம் வேண்டும். துளைத்து உள்ளே படுத்துக்கொள்ளும். பம்பாய்த் தாராவியில் அந்த வரிசை முழுக்கப் பலகை வீடுகள்தான்.

மற்ற வீடுகளில் செருப்பால் அடித்தார்கள். பூலோகத்தின் வீட்டில் அடிக்கவில்லை. அவன் மனைவி முருகம்மாளுக்கு ஆறாம் மாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தன. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கையால் ஓர் உயிரும் போகக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். இந்த முறை அவள் அவனிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

தினமும் காலையில் பூலோகம் கோழி இறகால் ஒவ்வொரு புழுவாக முறத்தில் தள்ளுவான். பழுப்பு மயிர் சிலிர்த்த, விரல்நக நீளப் புழுக்கள். நசுங்கிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வான். பிறகு ஓடைக்கரையில் தோல் துண்டுகள் கொட்டும் மேட்டில் கொண்டுபோய் விடுவான்.

"என்ன தம்பி, இன்னிக்கு எத்தன பேரு பயணம்? எந்த ஸ்டேஷன், தாதரா, வி.டி.யா?" என்பாள் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய்.

ஒரு மணி நேரம் கழித்து அதே கை கிட்டங்கியில் பிரம்பை எடுக்கும். காய்ந்த தோல்களைத் தட்டிப் புழுவை உதிர்ப்பது அவன் வேலை. உதிர்ந்ததைக் கூட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துபவன் காசிம். தட்டுவது வேறு, கொல்வது வேறு என்று பூலோகம் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"கொளுத்துறது நீங்க இல்லையே?" என்று முருகம்மாள் தினமும் கேட்பாள்.

"இல்லளா. காசிம்தான்."

ஆடியில் ஒரு நாள் காசிமுக்குக் காய்ச்சல். மேஸ்திரி ஜமால் தீப்பெட்டியைப் பூலோகத்திடம் நீட்டினார்.

"ஏல, இன்னிக்கு நீயே வச்சிரு."

"எங் கையால வேண்டாம் பாய். வீட்டுல மாசமா இருக்கா."

"புழுவுக்குமா பாவ புண்ணியம் பாக்கே? சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும், ஆமா."

பூலோகம் புழுக் குப்பையைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போய் அதே மேட்டில் கொட்டினான். மேடே ஊர்வது போலிருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

எட்டாம் நாள் அவை மரம் தேடி வந்தன, வரிசை முழுவதும். அரிசிப் பானையின் அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், ஆறுமுகத்தாயின் கட்டில் காலில். வீட்டுக்கு வீடு செருப்புச் சத்தம். ஒவ்வொரு அடிக்கும் பூலோகத்தின் தோள் தூக்கிப் போட்டது.

"எங்கேருந்து இம்புட்டும்?" என்றாள் முருகம்மாள்.

"கொளுத்தச் சொன்னாவ. கொண்டுபோய் விட்டுட்டேன்."

அவள் வயிற்றின்மேல் கை வைத்தபடி நின்றாள். வெளியே மறுபடியும் செருப்பு அறைந்தது.

"அப்ப இதெல்லாம் யாரு கையால சாவுது?"

பூலோகம் கோழி இறகையும் முறத்தையும் எடுத்தான். விடுவது வேறு, கொல்வது வேறு என்று இப்போது தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"ஓடைக்கு அந்தப் பக்கம் ஒடஞ்ச படகு ஒண்ணு கெடக்கு," என்றான். "பூரா மரம். அங்க விட்டா திரும்பி வராது."

முருகம்மாள் சோற்றுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். ஆறுமுகத்தாய் வாசலில் செருப்பை ஓங்கியபடி நின்றிருந்தாள்.

"யக்கா, அடிக்காதீய. இவுக விட்ட புழு இது. நாங்களே பொறுக்கிக்கிடுதோம்."

ஆறுமுகத்தாய் ஓங்கிய கையை இறக்கவில்லை. பூலோகத்தைப் பார்த்தாள். பிறகு முருகம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். செருப்பு கீழே விழுந்தது.

"நீ குனியாதளா," என்றாள். "தம்பி பொறுக்கட்டும். இன்னும் பதினோரு வீடு கெடக்கு."