மாமாவின் முதுகில் ஒரு ழ

என் மாமனாரைக் குப்புறப் படுக்கவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன். நாற்பது வருஷம் ஏணியில் நின்ற கால் கட்டிலில் ஓயுமா? ஒரு கண் எப்போதோ போய்விட்டது. இருந்த ஒரு கண்ணிலும் விழித்திரை பிய்ந்துகொண்டு, ஆபரேஷன் செய்து, உள்ளே காற்றுக் குமிழி வைத்து ஒட்டியிருந்தார்கள். "ஏழு நாள் தலை நிமிரக் கூடாது. நிமிந்தா இந்தக் கண்ணும் போச்சு" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பினார். இவரோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். நான் கத்திப் பார்த்தேன், பலனில்லை.

இரண்டாம் நாள் என் பொக்கிஷத்தை எடுத்தேன். மூன்று பழைய அறிவியல் கதைத் தொகுப்புகள். அட்டை கிழிந்து, தாள் பழுத்து, தொட்டாலே தும்மல் வரும். எனக்கு அவை என்றால் உயிர். பத்தே பக்கத்தில் ஒரு கிரகத்தை உண்டாக்கி, பதினோராவது பக்கத்தில் கவிழ்த்துவிடுவார்கள், கில்லாடிகள்!

"கதையாம் கதை" என்று தலையணைக்குள்ளிருந்து முனகினார் மாமா. ராக்கெட் கிளம்பியதும் குரல் மாறியது.

"ஏம்மா, அதுக்கு எர்த் எங்க குடுத்திருக்கான்?"

"பூமிய விட்டே போயிடுச்சு மாமா."

"அப்போ ஷாக் அடிச்சா?"

அதுவரைக்கும் எனக்கே அது தோன்றியதில்லை. கதை ஓடும்வரை ஆள் அசையவில்லை, முடிந்ததும் எழப் பார்த்தார். ஆகவே தொண்டை கட்டும்வரை படித்தேன்.

நாலாம் நாள் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒரு இயந்திரம் சின்னக் கிரகம் ஒன்றில் தனியாக இறங்குகிறது. அங்கே விரலளவு உயிர்கள் குளிரில் நடுங்குகின்றன. மேலிடத்திலிருந்து ஒரே வார்த்தை வருகிறது: அழி. இயந்திரம் யோசிக்கிறது. தன் மின்கலத்தைக் கழற்றி அவை குளிர்காய வைத்துவிட்டு அணைந்துபோகிறது. எத்தனையாவது தடவையோ, எனக்குக் கண்ணீர் முட்டியது.

"இதுக்கா மூக்க உறிஞ்சற?" என்றார் மாமா. "குடுன்னாங்க, குடுத்துச்சு. இதுல என்ன இருக்கு?"

"குடுன்னு சொல்லல மாமா! அளிக்கச் சொன்னாங்க!"

"அதத்தானே நானும் சொல்றேன்!"

எனக்குச் சுரீர் என்றது. என் நாக்குக்கு ழ வராது. மழையை மளை என்பேன். வீட்டில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இங்கே பாழாய்ப்போன அழி, அளி இரண்டுமே பொருந்தித் தொலைத்தன. நாக்கை மடித்தேன், சுருட்டினேன். மறுபடியும் அளிதான் வந்தது.

"புக்கக் குடு. என்ன போட்டிருக்குன்னு நானே பாக்கறேன்." ஒரு கையை ஊன்றிவிட்டார். இன்னொரு கை கண் கட்டைப் பிரிக்கப் போனது.

மரியாதையாவது ஒன்றாவது! முதுகில் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். "அசையாதீங்க! எழுதிக் காட்டறேன்!" பனியன்மேல் விரலால் பெரிதாக ஓர் அ போட்டேன். பக்கத்தில் ழ. அடியில் வாலை நன்றாக இழுத்து, தலைமேல் கொக்கியையும் மாட்டினேன்.

கண் கட்டுக்குப் போன கை அப்படியே நின்றது.

"அழியா?"

"ஆமா மாமா!"

"அடேங்கப்பா! அப்போ அது சொன்ன பேச்சக் கேக்கல!" மெத்தையைக் குத்தினார். "பேட்டரியக் கழட்டி... யாரும் சொல்லாம, அதுவாவா?" மெதுவாக முகத்தைத் தலையணையில் வைத்தார். "மொதல்லேருந்து படி."

படித்தேன். சந்தோஷத்தில் எனக்கு வரி தப்பியது. அதற்கப்புறம் அவரைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. சந்தேகம் வந்தால் தோளைக் குலுக்கி "எழுது" என்பார், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோதும் படித்துக்கொண்டிருந்தேன். ராக்கெட் தரையிறங்கும் சமயம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"நல்லா ஒட்டிக்கிச்சு. இனிமே நிமிந்தே உக்காரலாம்."

மாமா தலையாட்டினார். அப்புறம் மேஜைமேல் கைகளை மடித்து, முகத்தைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டார்.

"ஐயா, கண்ணு சரியாயிடுச்சுன்னு சொன்னேன்!"

"கேட்டுச்சும்மா. கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் மாமா. "நீ படி."